கரண்டம்மா கேட்காத கேள்வி

அந்தக் கட்டடத்தில் கீழே மருந்துக்கடை, முதல் மாடியில் பல் மருத்துவர், அதற்கு மேலே எலும்பு டாக்டர். எலும்பு டாக்டரின் அறையைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் நீளமான ஒரு கூடம் வரும். திரைச்சீலை போட்டுப் பிரித்த கட்டில்கள் வரிசையாகக் கிடக்கும். அவள் வேலை அங்கேதான். கதவில் பிசியோதெரபிஸ்ட் என்று எழுதியிருந்தாலும் அதை முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது. வருகிறவர்கள் அவளைக் கரண்டம்மா என்றார்கள். வலிக்கிற இடத்தில் ஈரப் பஞ்சை வைத்துப் பட்டையைக் கட்டி, பெட்டியின் திருகை மெல்லத் திருப்பினால் எறும்பு ஊர்வதுபோல ஒரு சுகம் வரும். அதற்குக் கரண்ட் வைப்பது என்று பெயர். வைக்கிற அம்மா கரண்டம்மா. பிற்பாடு அவள் கரண்ட் வைப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். பெயர் மட்டும் போகவில்லை.

படித்த காலத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. முதுகு வலித்தால் படுக்கை, ஒத்தடம், இடுப்பில் பட்டை கட்டி எடை தொங்கவிட்டு இழுப்பது, கரண்ட். வேலைக்கு வந்து பல வருடங்கள் அதையே செய்தாள். குறை சொல்ல ஆளில்லை. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வலி குறையத்தான் செய்தது. தானாகக் குறைந்ததா, பெட்டியால் குறைந்ததா என்று அவர்களும் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டது ஒரு தையல்காரம்மா. கழுத்துவலிக்காக வந்து வந்து பழகி, பையை ஆணியில் மாட்டிவிட்டுத் தன் கட்டிலில் தானே ஏறிப் படுத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தக் கூடத்தோடு உறவாகிவிட்டவள். ஒருநாள் பட்டையைக் கட்டும்போது, முகத்தைக் கட்டிலின் ஓட்டைக்குள் வைத்தபடியே சொன்னாள்:

"ஏம்மா, கோவிச்சுக்காதே. இது நான் குணமாகுறதுக்கு வைக்கிறியா, இல்ல நான் மறுபடியும் வர்றதுக்கு வைக்கிறியா?"

கரண்டம்மா சிரித்துச் சமாளித்துவிட்டாள். ஆனால் அந்த வார்த்தை செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது. பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தால் கைபேசியில் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் படித்து, தமிழில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்து, பிறகுதான் அடுத்த வரிக்குப் போவாள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்றது ஒன்று. படுத்துக் கிடப்பவர்களைவிட நடமாடுகிறவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள் என்றது இன்னொன்று. 'எலும்பு தேஞ்சிடுச்சு' என்று மருத்துவர் வாயால் கேட்டவர் அதன்பிறகு குனியவே அஞ்சி, அந்த அச்சத்தாலேயே வலியை வளர்த்துக்கொள்கிறார் என்று ஒரு கட்டுரை சொன்னது. அதைப் படித்த அன்று இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். அந்த வார்த்தையை அவளே எத்தனை பேரிடம், எவ்வளவு அக்கறையாகச் சொல்லியிருப்பாள்.

மெல்ல மெல்ல மாறினாள். பெட்டிகளுக்குத் துணி போட்டு மூடினாள். வருகிறவர்களை நடக்க வைத்தாள், குனிய வைத்தாள், வாளியில் தண்ணீர் நிரப்பித் தூக்க வைத்தாள். ஜவ்வு விலகல், தேய்மானம் என்ற சொற்களை வாயிலிருந்தே எடுத்துவிட்டாள். 'வலிக்குதுங்கிறதுக்காக உள்ள ஏதோ உடையுதுன்னு அர்த்தமில்ல' என்பது அவள் பல்லவி ஆயிற்று.

எலும்பு டாக்டருக்கு இது பிடிக்கவில்லை. கெட்ட மனிதர் அல்ல. அவருடைய கூடம், அவருடைய பெட்டிகள்.

"என்னம்மா, மிஷினுக்கெல்லாம் வெள்ளைத் துணி போத்தி வச்சிருக்கே? யாராவது செத்துட்டாங்களா?"

"அதனால பெரிசா பிரயோசனம் இல்லன்னு ஆராய்ச்சி சொல்லுது டாக்டர்."

"ஆராய்ச்சியா வந்து இங்க படுக்கப் போகுது? பேஷண்ட்தானே படுக்கிறான். அவனுக்கு ஏதாவது ஊர்ற மாதிரி இருந்தாத்தான் வைத்தியம். எந்திரிச்சு வாளி தூக்குன்னா, இதுக்கு என் பொண்டாட்டியே போதுமேன்னு போயிடுவான்."

சிலர் அப்படித்தான் போனார்கள். சிலர் தங்கினார்கள். பள்ளி வேன் ஓட்டுகிற ஒருவர், குளிக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் இடுப்புப் பட்டையோடு வாழ்ந்தவர், அதைக் கழற்றிச் சுருட்டி அவள் மேசைமேல் வைத்துவிட்டு, "இத யாருக்காச்சும் குடுத்துடாதம்மா, அவனும் என்னை மாதிரி கட்டிக்கிட்டே இருப்பான்" என்று சொல்லிப் போனார். அன்று கரண்டம்மா தேநீரை ஆறவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமாக இருந்தது.

அந்தக் கட்டுரைகள் ஆறுதலை மட்டும் சொல்லவில்லை. இவ்வளவு தைரியமாக ஸ்கேன் வேண்டாம், நடங்கள் என்று சொல்வதற்கு ஒரு நிபந்தனையும் வைத்திருந்தன. அபூர்வமாக யாரோ ஒருவருக்கு அது சாதாரண முதுகுவலியாக இருக்காது. முதுகெலும்பின் அடியில் குதிரை வாலைப்போலக் கொத்தாக இறங்கும் நரம்புகள் நசுங்கிக்கொண்டிருக்கும். சந்தேகம் வர இயந்திரம் வேண்டாம், வாய் போதும். வலி இரண்டு கால்களிலும் இறங்குகிறதா, உட்காரும் இடத்திலும் தொடைகளுக்கு நடுவிலும் மரத்திருக்கிறதா, சிறுநீர் வருவதும் போவதும் உணர்வில் தெரிகிறதா. கேட்க வேண்டும். ஆம் என்று வந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. நாள் தள்ளினால் போனது போனதுதான்.

இந்தக் கேள்விகளை அவள் திரைச்சீலையை இழுத்துவிட்டு, வீட்டு விலாசம் கேட்கிற குரலில் கேட்பாள். கிழவர், குமரி, வாத்தியார், காவல்காரர் என்று பேதம் பார்ப்பதில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் நெளிந்தார்.

"ஏம்மா, முதுகைக் காட்ட வந்தேன். நீ எங்கெங்கயோ போறியே?"

"பதில் சொல்லுங்க ஐயா. விஷயமே அங்கதான் இருக்கு."

இப்படிக் கேட்பதில் அவளுக்குக் கூச்சம் இருந்ததே இல்லை. இருக்கிறதென்று தெரிந்தது அத்தானிடம்தான்.

அத்தான், அக்காவின் கணவர், தரைக்கல் பதிக்கிறவர். டைல்ஸ் வேலைக்கு அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது என்று சொல்வார்கள். சொல்லாவிட்டால் அவரே சொல்லிக்கொள்வார். சட்டைப் பையில் சாண் நீளத்தில் ஒரு ரசமட்டம் எப்போதும் இருக்கும். மேசை, கட்டில், அலமாரி, எதைக் கண்டாலும் எடுத்து வைத்துப் பார்ப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழ் நடுவில் வந்து நின்றால்தான் அவருக்கு மூச்சே சீராக வரும். அதனால் ஆளுக்கே ரசமட்டம் என்று பெயர். கரண்டம்மாவின் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் தோளில் அதை வைத்துப் பார்த்து, "கொஞ்சம் இடது பக்கம் சாயுது, பரவாயில்ல, சமாளிச்சுக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னவர். சபையே சிரித்தது.

அவளுக்கும் அவருக்கும் இடையில் அந்தச் சிரிப்பு எப்போதும் இருந்தது. அவளைக் கல்லூரியில் சேர்க்கக் கூட்டிப்போனவர் அவர். அப்பா இல்லாத வீட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர். கேலி எவ்வளவு வேண்டுமானாலும் போகும், ஆனால் அதற்கு ஒரு எல்லை இருந்தது. அவர் எதிரில் அவள் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை. அவர் குளித்துவிட்டு வந்தால் இவள் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். யாரும் விதித்ததில்லை, அப்படியே அமைந்துவிட்டது.

ஒரு விடுமுறை நாளில் அக்கா கூப்பிட்டாள். "உங்க அத்தான் தரையில படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கிறாரு. டைல்ஸ்ல ஒட்டிக்கிட்டாரான்னு பாக்கணும், வாடி."

போனாள். கூடத்தில், தானே பதித்த தரையில் அத்தான் மல்லாந்து கிடந்தார். நாலைந்து நாளாக வலி என்றார். கூட வேலை பார்ப்பவன் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறானாம்.

"எடுத்துரலாமா மச்சினி?"

"மொதல்ல பாக்கறேன் அத்தான். எடுத்தா ஏதாவது இருக்குன்னுதான் வரும். உங்க வயசுல எல்லாருக்கும் இருக்கும்."

எத்தனையோ ஆண்களின் முதுகைத் தொட்டுப் பார்த்தவள், இவர் முதுகைச் சட்டையோடு சேர்த்தே அழுத்திப் பார்த்தாள். காலைத் தூக்கிப் பார்த்தாள். பெருவிரலை மேலே இழுக்கச் சொல்லி எதிர்த்து அழுத்தினாள். இழுத்தார், பலம் இருந்தது.

"எந்தக் கால்ல இறங்குது?"

"மொதல்ல வலது கால்லதான். இப்ப இடது காலுக்கும் ஆசை வந்துடுச்சு."

"ரெண்டு கால்லயுமா?"

"அண்ணன் தம்பி இல்லையா, ஒண்ண விட்டுட்டு ஒண்ணு எப்படி இருக்கும்."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே உள்ளே ஏதோ தட்டியது. இரண்டு காலும் என்றால் அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். கேள்வி தொண்டை வரை வந்தது. இழுத்துவிட அங்கே திரைச்சீலை இல்லை. அத்தான் தலைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், உட்காரும் இடம் மரத்திருக்கிறதா, ஒன்றுக்குப் போவது தெரிகிறதா என்று எப்படிக் கேட்பது.

எழுந்து அடுப்படிக்குப் போனாள். அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அத்தானுக்கு ஒண்ணுக்கு ரெண்டுக்கெல்லாம் ஒழுங்கா போகுதா?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். "இதென்னடி கேள்வி. போறாரு போறாரு. பாத்ரூமே கதின்னு கெடக்காரு. உள்ள போனா வெளிய வர்றதில்ல. அங்கயும் மட்டம் பாக்கறாரோ என்னவோ."

"அந்த எடத்துல மரத்துப்போன மாதிரி ஏதாவது சொன்னாரா? நீ கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?"

"சரி சரி, கேக்கறேன்" என்று அக்கா குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துப் பக்கம் போனாள். திரும்பி வந்து, "ஒண்ணுமில்லையாம்டி, எல்லாம் நல்லா இருக்காம்" என்றாள்.

கரண்டம்மாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. கூடத்துக்கு வந்து தன் பல்லவியைப் பாடினாள். வலிக்குதுங்கிறதுக்காக உள்ள ஏதோ உடையுதுன்னு அர்த்தமில்ல அத்தான். படுத்துக் கிடக்காதீங்க, நடங்க. ஸ்கேன் இப்ப வேண்டாம். கொஞ்ச நாள்ல தானா அடங்கும். அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு வாசல் வரை நடந்து காட்டினார்.

"கரண்ட் வைக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"பேரை மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்றே" என்றார் அவர்.

எந்த நோயாளியையும் அனுப்புவதற்கு முன்னால் அவள் சொல்லும் கடைசி வாக்கியம் ஒன்று உண்டு. இன்னின்னது நடந்தால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. அன்று அதையும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கும் அதே சொற்கள்தான் வேண்டியிருந்தன.

மறு வாரத்தில் ஒரு முற்பகல், தையல்காரம்மாவின் கை உயரே போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. குரலில் வழக்கமான கேலி இல்லை.

"அவரு பாதம் தூக்க மாட்டேங்குதுடி. செருப்பு கழண்டு கழண்டு விழுது. வேலை எடத்துல லுங்கியெல்லாம் நனைஞ்சு போயிருக்கு. அவருக்கே தெரியலையாம். அடுத்தவன் சொல்லித்தான் பாத்தாராம்."

தையல்காரம்மாவின் கையை விட்டுவிட்டு அவள் பையை எடுத்தாள். இறங்கி ஓடும்போது 'பாத்ரூமே கதின்னு கெடக்காரு' என்ற வாக்கியம் படிக்குப் படி கூடவே வந்தது. சிறுநீர்ப்பை நிறைந்து, வெளியேற்ற முடியாமல், சொட்டுச் சொட்டாக வடியும் நிலையில் இருப்பவர்தான் அடிக்கடி போவார், உள்ளே போனால் வெளியே வரமாட்டார். அவள் படித்திருக்கிறாள். அக்கா வேடிக்கையாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை முன்பின் தெரியாதவர் யாராவது கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்லியிருந்தால், அங்கேயே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் மருத்துவர் அத்தானைப் பார்த்தாள். அந்த மருத்துவரின் குரலும் விலாசம் கேட்கிற குரல்தான். பக்கத்துக் கட்டில், நர்ஸ், அக்கா, மச்சினி எல்லாரும் கேட்கும்படி கேட்டாள்.

"உக்கார்ற எடத்துல மரத்துப்போனது எப்ப இருந்து?"

அத்தான் கூரையைப் பார்த்தார். "அது... வலி ஆரம்பிச்ச ரெண்டு மூணு நாள்ல இருந்தே."

"யூரின்?"

"அப்ப இருந்தேதான். முக்கி முக்கித்தான் வரும்."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"யாரு கேட்டா?" என்றார் அத்தான்.

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கரண்டம்மா குனிந்து தூக்கப்போனபோது அவள் காதோரம் சொன்னாள். "நான் அவர்கிட்ட கேக்கவே இல்லடி. கூடத்துக்குப் போனேன். அவரு வேலைக்காரன்கிட்ட போன்ல பேசிக்கிட்டிருந்தாரு. எப்படிப்பா இதப் போய்க் கேக்கறதுன்னு அப்படியே திரும்பி வந்துட்டேன். நீ சும்மா கேக்கறேன்னு நெனச்சேன். இவ்வளவு பெரிய விஷயம்னா நீயே கேட்டிருப்பேன்னு நெனச்சேன்."

கரண்டம்மா அவளைத் தூக்கி நிறுத்தினாள். அக்கா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியவில்லை.

அன்றைக்கே ஸ்கேன், அன்றைக்கே ஆபரேஷன். முடிந்து வெளியே வந்த அறுவை சிகிச்சை மருத்துவரம்மா கையுறையைக் கழற்றியபடி, "அழுத்தத்த எடுத்தாச்சு. ஆனா நரம்பு ரொம்ப நாளா நசுங்கிக் கெடந்திருக்கு. எவ்வளவு திரும்பி வரும்னு சொல்ல முடியாது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அவளுக்குக் கரண்டம்மா யாரென்று தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

விஷயம் கூடத்துக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. எலும்பு டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"சொந்த அக்கா புருஷனா?"

"ஆமா டாக்டர்."

"இதுக்குத்தாம்மா சொன்னேன், ஆராய்ச்சியெல்லாம் புத்தகத்துல இருக்கட்டும்னு. ஒரு ஸ்கேன் எடுத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை டாக்டர், அது சொன்னதில் எனக்குச் சுலபமான பாதியைத்தான் நான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பதுபோல் இருக்கும். எழுந்துகொண்டாள். கூடத்துக்கு வந்தபோது பெட்டிகள்மேல் இருந்த துணிகளை யாரோ எடுத்து மடித்து வைத்திருந்தார்கள். எடை தொங்கவிட்டு இழுக்கும் கட்டில் சுவரோரத்திலிருந்து நடுவுக்கு வந்திருந்தது. அதன்பிறகு முதுகுவலி என்று வந்தவர்கள் உட்காருவதற்குள், "ஸ்கேன் எடுத்துட்டே வந்துட்டோம்மா, எதுக்கு வம்பு" என்று உறையை நீட்டினார்கள். உறைக்குள் இருந்த தாளில் ஜவ்வு பிதுக்கம், தேய்மானம் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு, குனியப் பயந்துகொண்டே வந்தார்கள். அவள் சொன்னால் இப்போது யாரும் நம்புவதாக இல்லை. சரி என்பார்கள், போய்ப் பட்டை வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

சொந்தக்காரர்கள் அவள் காதுபடப் பேசவில்லை. அத்தானின் அண்ணன் மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவில், எங்கோ பார்த்தபடி, "வீட்டுலயே டாக்டர் இருந்தா இப்படித்தான்" என்றார்.

அத்தான் வீட்டுக்கு வந்தார். ஊன்றுகோல், முழங்காலுக்குக் கீழே பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வார், நேரத்துக்கு நேரம் தானே குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றுவது. முதல் சில நாட்கள் அவர் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்தார். கரண்டம்மா போனால் தூங்குவதுபோல் இருப்பார். ஆஸ்பத்திரியில் வேறொரு பிசியோதெரபிஸ்டை ஏற்பாடு செய்தார்கள். நல்ல பையன், அருமையாகச் செய்வான் என்றாள் அவள். அத்தான் போக மறுத்தார். காரணம் கேட்டதற்கு அக்காவிடம், "புதுசா ஒருத்தன்கிட்ட மொதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்லணும். கெடுத்தவளே பாக்கட்டும்" என்றாராம். அக்கா அதை அப்படியே வந்து சொன்னாள். மறைத்துச் சொல்லும் பழக்கத்தை அவள் விட்டுவிட்டாள்.

கூடத்துக்கு அவர் வந்த முதல் நாள், கட்டிலில் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். அவள் கட்டிலின் சாய்வைத்தான் பார்க்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் வாரைக் கழற்றி, வலது பாதத்தின் மேல் அதை வைத்தார்.

"தூக்கறேன். பாரு."

அவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பாதம் தொங்கியபடி தொங்கியது. குமிழ் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

"இப்ப?"

"இல்ல அத்தான்."

"இப்ப?"

ரசமட்டம் வழுக்கித் தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். பக்கத்துத் திரைக்குள் யாருக்கோ கரண்ட் வைத்திருந்த பெட்டி நேரம் முடிந்து கூவியது.

"குந்தி உக்காராம டைல்ஸ் போட முடியுமா மச்சினி?"

"வேற மாதிரி ஏதாவது யோசிக்கலாம்."

"மேஸ்திரி மாதிரி நாற்காலி போட்டு உக்காந்து அடுத்தவன ஏவறதா? என் வேலைய நான் பாத்தே எனக்குத் திருப்தி வராது. அவன் போட்டதப் பாத்தா நெஞ்சு வெடிச்சுரும்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். பழைய சிரிப்பு அல்ல.

வேலையை ஆரம்பித்தாள். வேண்டிய தசைகளை எழுப்ப என்ன செய்யலாம் என்று தேடித் தேடிப் படித்திருந்தாள். இம்முறை ஒரு வரியையும் தாண்டிப் போகவில்லை. ஒரு விஷயத்தில் ஆய்வுகள் சாதகமாக இருந்ததால், அவரது பாதத்துக்கு அவளே அந்தப் பெட்டியை இழுத்து வைத்தாள். அத்தான் பட்டையைப் பார்த்தார்.

"கடைசியில கரண்ட் வச்சிட்டே."

"இது அது இல்ல அத்தான். இது வேற. தசைய எழுப்பறதுக்கு."

"ஏதோ ஒண்ணு. பேரு நிலைச்சுது."

இடது பாதம் சில மாதங்களில் ஓரளவு மேலே வந்தது. வலது பாதம் வரவில்லை. சிறுநீர் உணர்வும் திரும்பவில்லை. அது வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

கரண்டம்மா இப்போதும் அதே கூடத்தில்தான் இருக்கிறாள். யார் வந்தாலும் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுக்கிறாள். மனைவிக்காகக் கணவர் பதில் சொன்னால் நிறுத்துகிறாள், அப்பாவுக்காக மகள் சொன்னால் நிறுத்துகிறாள். "அவங்க வாயால சொல்லட்டும்." சிலர் முறைக்கிறார்கள். "எங்க அம்மாவுக்கு இதெல்லாம் சொல்ல வராதுங்க" என்று ஒரு மகன் கோபமாகச் சொன்னான். "அதனாலதான் கேக்கறேன், நீங்க வெளிய இருங்க" என்றாள். போகும்போது அந்தக் கடைசி வாக்கியத்தை, பச்சையான சொற்களிலேயே, திருப்பிச் சொல்ல வைத்துத்தான் அனுப்புகிறாள். அதற்காகவே அவளிடம் வரக் கூசுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று டாக்டர் சொல்கிறார். இருக்கலாம்.

அத்தான் வரும் நாளில் அக்காவும் வருவாள். வாசலோடு நின்றுவிடுவாள். திரையைக் கரண்டம்மா இழுத்துவிடுவாள். ஒருநாள், பாதத்தை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கும்போது அத்தான் தானாகவே பேசினார்.

"அன்னைக்கு நீ நேராவே கேட்டிருந்தா..."

அவள் கை நின்றது.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னு யோசிச்சுப் பாக்கறேன். ஒண்ணுமில்ல மச்சினின்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. தெரியல."

அதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் அது அவருடைய பொய்யாக இருந்திருக்கும். இப்போது இருப்பது அவளுடைய மௌனம். பாதத்தை மறுபடி பிடித்தாள்.

"இந்த வாரம் எப்படி இருக்கு அத்தான்?"

அவர் கூரையைப் பார்த்தார். "அந்தப் பலகை சாஞ்சிருக்கு. எவன் போட்டான்?"

அவள் காத்திருந்தாள். வெளியே அக்காவின் வளையல் சத்தம் கேட்டு அடங்கியது. திரும்பவும் கேட்டாள், இம்முறை எந்தச் சொல்லையும் சுற்றி வளைக்காமல், தபால்காரரிடம் கேட்ட அதே குரலில்.

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். "அப்படியேதான் இருக்கு. போனப்புறம் துணி நனைஞ்சாத்தான் போச்சுன்னு தெரியுது."

"மரத்த எடம்?"

"அதுவும் அப்படியேதான்."

"சரி அத்தான்" என்றாள். அடுத்த கேள்வியைக் கேட்டாள்.